வானம் படிக்க டிப்ளமோ போதுமா?

(மூன்றாமாண்டு மாணவி, மின்னணு மற்றும் தொடர்பியல் துறை)



“என்னடி, ஜோசியம் படிக்கப் போறியா?”

இரண்டாமாண்டு படிக்கும்போது ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் என் தோழி கேட்ட கேள்வி இது. டிப்ளமோ முடித்ததும் யார் யார் என்ன செய்யப் போகிறோம் என்று பேசிக்கொண்டிருந்தோம். ஒருத்தி ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி என்றாள். ஒருத்தி நேரடி இரண்டாமாண்டு பி.இ. என்றாள். இன்னொருத்தி “எங்க வீட்ல மாப்பிள்ளை பாக்குறாங்க” என்று சொல்லிவிட்டுத் தயிர்சாதத்தைக் கிளறினாள். என் முறை வந்தது. “அஸ்ட்ரோபிசிக்ஸ் படிக்கணும், ஆன்லைன்லயாவது” என்றேன். அவ்வளவுதான்! டிபன் பாக்ஸ் மூடி அதிரும்படி சிரித்தார்கள்.

ஜோசியம் வேறு, வானியற்பியல் வேறு. உங்கள் கட்டத்தில் சனி எங்கே இருக்கிறான் என்று பார்ப்பது ஜோசியம். அந்தச் சனிக்கோள் எதனால் ஆனது, எவ்வளவு எடை, அதைச் சுற்றி வளையம் ஏன் வந்தது என்று கணக்குப் போட்டுப் பார்ப்பது வானியற்பியல். இதைச் சொல்லி அவர்கள் வாயை அடைத்துவிடலாம். ஆனால் அன்றைக்கு இன்னொருத்தி கேட்ட கேள்விக்குத்தான் என்னிடம் பதில் இல்லை. “சரி, படிச்சு? நட்சத்திரம் சோறு போடுமா?”

அந்தக் கேள்விக்கு ஒரு வருஷமாகப் பதில் தேடினேன். நடுவில் ஏமாறவும் பார்த்தேன். தேடிக் கிடைத்ததை உங்களிடம் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

கஜா காட்டிய வானம்

எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்ததற்குக் காரணம் கஜா புயல் என்றால் நம்புவீர்களா? 2018 நவம்பர் 16. நம் மாவட்டத்தில் அந்த இரவை மறந்தவர் யாருமில்லை. ஆலங்குடிப் பக்கம் எங்கள் தோப்பில் காய்த்துக்கொண்டிருந்த தென்னைகள் ஒரே ராத்திரியில் சாய்ந்துவிட்டன. கம்பமெல்லாம் முறிந்து கிடந்ததால் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. நான் அப்போது ஆறாம் வகுப்பு.

வீட்டுக்குள் புழுக்கம். எல்லோரும் வாசலில் பாய் விரித்துப் படுத்தோம். அண்ணாந்து பார்த்தால்... அடேயப்பா! அத்தனை நட்சத்திரத்தை அதற்கு முன் நான் பார்த்ததே இல்லை. அப்பத்தா கையை நீட்டி, “அந்தா கொத்தாத் தெரியுதுல்ல, அதான் கார்த்திகைக் கூட்டம்” என்று காட்டியது. அப்பா மட்டும் மேலே பார்க்கவில்லை. விழுந்த மரங்களைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். அந்த இரண்டையும் சேர்த்துத்தான் இன்றும் நினைத்துக்கொள்கிறேன். மேலே வானம், கீழே கடன்!

அடுத்த வருஷம் 2019 டிசம்பர் 26, காலை ஒன்பதரை மணி வாக்கில் வளைய சூரிய கிரகணம். ஊட்டி, கோவை, திண்டுக்கல், திருச்சி என்று வந்த அந்தப் பாதையில் நம் புதுக்கோட்டையும் இருந்தது. எங்கள் வாசல் வேப்பமரத்து நிழலில், இலை இடுக்கு வழியாக விழுந்த ஒவ்வொரு வெளிச்சப் புள்ளியும் ஒரு குட்டி வளையலாக மாறியதைப் பார்த்தேன். தரை முழுக்க வளையல்! பல வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தார்கள். எனக்கு அன்றைக்கே முடிவாகிவிட்டது.

நம்ம ஊருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

“இதெல்லாம் பெங்களூர்க்காரன், வெள்ளைக்காரன் சமாச்சாரம்” என்று நினைக்கிறீர்களா? சற்றுப் பொறுங்கள்.

1871 டிசம்பர் 12ஆம் தேதி தென்னிந்தியாவில் ஒரு முழு சூரிய கிரகணம். இங்கிலாந்திலிருந்து நார்மன் லாக்யர் தலைமையில் ஒரு குழு வந்தது. லாக்யர் இன்றைய கேரளத்தின் பேக்கல் கோட்டையில் கருவியை நிறுத்தினார். அந்தக் குழுவோடு வந்த லொரென்சோ ரெஸ்பிகி என்ற இத்தாலிய வானியலாளர் எங்கே வந்து நின்றார் தெரியுமா? தொண்டைமான் ஆண்டுகொண்டிருந்த நம் புதுக்கோட்டையில்!

சூரியனை நிலா முழுக்க மறைக்கும்போது சுற்றி வெள்ளி இழை போல ஒரு ஒளி தெரியும். அதற்குக் கரோனா என்று பெயர். (நம்மை இரண்டு வருஷம் வீட்டில் உட்கார வைத்த கரோனா இல்லை. ஆனால் அந்தக் கிருமிக்குப் பெயர் வைத்தது இந்த ஒளி மகுடத்தின் உருவத்தைப் பார்த்துத்தான்.) ரெஸ்பிகி தன் தொலைநோக்கிக்கு முன்னால் ஒரு முப்பட்டகத்தைப் பொருத்திக் கரோனாவைப் பார்த்தார். சிவப்பு, பச்சை, நீலம் என்று தனித்தனி வளையங்கள் தெரிந்தன. அதாவது கரோனாவில் இருக்கும் வாயுக்கள் தங்கள் கையெழுத்தைத் தனித்தனி நிறத்தில் போட்டுக் காட்டின.

அந்தப் பச்சை நிறக் கோட்டை 1869ஆம் வருஷக் கிரகணத்தில்தான் முதன்முதலில் கண்டிருந்தார்கள். அது என்ன பொருள் என்று யாருக்கும் விளங்கவில்லை. பூமியில் இல்லாத புதுத் தனிமம் என்று நினைத்து ‘கரோனியம்’ என்று பெயர்கூட வைத்துவிட்டார்கள். எழுபது வருஷம் கழித்து, 1940 வாக்கில்தான் உண்மை தெரிந்தது. அது புதுப் பொருளே அல்ல, இரும்பு! நம் ஒர்க்ஷாப்பில் ராவுகிறோமே, அதே இரும்பு. பத்து லட்சம் டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் 13 எலக்ட்ரான்களை இழந்த இரும்பு!

கதை இதோடு முடியவில்லை. 2023 செப்டம்பர் 2ஆம் தேதி இஸ்ரோ அனுப்பிய ஆதித்யா எல்-1 இன்று பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நின்று சூரியனைப் பார்க்கிறது. அதிலுள்ள முக்கியக் கருவி கரோனாவைப் பார்ப்பதற்கென்றே இந்திய வான் இயற்பியல் நிறுவனம் உருவாக்கியது. அது கவனிக்கும் நிறங்களில் ஒன்று அதே பச்சைக் கோடு. புதுக்கோட்டையில் ஒரு மனிதர் கண்ணால் பார்த்த நிறத்தை இன்று ஒரு விண்கலம் பார்க்கிறது. அந்தத் திட்டத்தின் இயக்குநர் நிகர் சாஜி, செங்கோட்டையில் பிறந்து திருநெல்வேலி அரசுப் பொறியியல் கல்லூரியில் படித்தவர். இப்போது சொல்லுங்கள், சம்பந்தம் இல்லையா?

நான் ஏமாற இருந்த கதை

போன வருஷம் என் போனில் ஒரு விளம்பரம் வந்தது. ‘வீட்டிலிருந்தே வானியற்பியல் பட்டம்! படித்ததும் நாசா, இஸ்ரோவில் வாய்ப்பு!’ சும்மா இருப்பேனா? நம்பரைக் கொடுத்தேன். பத்து நிமிஷத்தில் ஒரு பெண் கூப்பிட்டாள். “மேடம், மேடம்” என்று தேனாகப் பேசினாள். என்னை யாரும் அதற்கு முன் மேடம் என்று கூப்பிட்டதில்லை! முதல் தவணை பதினெட்டாயிரம். “இன்னிக்குள்ள கட்டினா பாதி சலுகை மேடம், நாளைக்கு சீட் இருக்காது.”

அம்மாவிடம் சொன்னேன். அம்மாவுக்கு வானியற்பியல் என்றால் என்னவென்று தெரியாது. மகள் அழுவது தெரியும். “படிக்கிறதுக்குத்தானே ஆத்தா... இந்தத் தோட்டை வச்சுத் தர்றேன். அப்பாகிட்ட அப்புறம் சொல்லிக்கலாம்” என்றது. கஜாவுக்குப் பிறகு வீட்டில் மிஞ்சியிருந்த நகை அந்தத் தோடு ஒன்றுதான்.

மறுநாள் அடகுக் கடைக்குப் போவதாக ஏற்பாடு. காலையில் லேபில் எங்கள் விரிவுரையாளரிடம் சந்தோஷமாகச் சொன்னேன். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “யு.ஜி.சி. பட்டியல்ல இருக்காம்மா?”

ஆன்லைனில் பட்டம் தர எந்தெந்தப் பல்கலைக்கழகத்துக்கு, எந்தெந்தப் படிப்புக்கு அனுமதி உண்டு என்று யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையத்தில் பட்டியல் போடுகிறது. இரண்டு பேரும் உட்கார்ந்து தேடினோம். அந்தப் பெயர் இல்லை. மேலிருந்து கீழ்வரை இல்லை! அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுக் கேட்டேன். “அது சர்வதேசச் சான்றிதழ் மேடம்” என்று இழுத்தாள். பிறகு போனையே எடுக்கவில்லை.

தோடு தப்பியது. நான் இரண்டு நாள் சாப்பிடவில்லை. பிறகுதான் புத்தி வந்தது. நண்பர்களே, மூன்று விஷயங்களை மனதில் எழுதி வையுங்கள். ஒன்று, பட்டியலில் இல்லாத படிப்புக்குப் பத்துப் பைசாவும் கட்டாதீர்கள். இரண்டு, ‘நாசாவில் வேலை’ என்று யாராவது சொன்னால் அங்கேயே போனை வைத்துவிடுங்கள். நாசாவின் நிரந்தர வேலைகள் பொதுவாக அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டும்தான். இஸ்ரோ வேலைக்கு இஸ்ரோவே விளம்பரம் கொடுத்து, தேர்வு வைத்துத்தான் ஆள் எடுக்கிறது. மூன்று, ‘இன்றே கடைசி’ என்று அவசரப்படுத்துகிறவன் கல்வி தருபவன் அல்ல, கடை நடத்துபவன்.

அப்படியானால் ஆன்லைனில் படிப்பதே வீணா?

இல்லை! இதுதான் நான் அழுத்திச் சொல்ல வந்த கருத்து. ஆன்லைனில் படிப்பது வேறு, ஆன்லைனில் பட்டம் வாங்குவது வேறு. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் நாம் ஏமாறுகிறோம்.

முறையான ஆன்லைன் பட்டங்கள் உலகத்தில் இல்லாமல் இல்லை. ஆஸ்திரேலியாவின் ஸ்வின்பர்ன் பல்கலைக்கழகம் 1990களின் இறுதியிலேயே இணையம் வழியாக வானியல் முதுநிலைப் படிப்பைத் தொடங்கிவிட்டது. அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம் வானியலும் கோளியலும் சேர்ந்த இளநிலைப் பட்டத்தை ஆன்லைனில் நடத்துகிறது. இவை நல்ல இடங்கள். ஆனால் கட்டணம் வெளிநாட்டுக் கட்டணம். நம் அப்பாக்கள் தோப்பை விற்றாலும் கட்டி முடியாது. அப்படியே கட்டுவதானாலும், அந்தப் பட்டம் இங்கே அரசு வேலைக்கும் மேல்படிப்புக்கும் செல்லுமா என்று எழுத்து மூலம் கேட்டுக்கொண்டுதான் கட்ட வேண்டும்.

ஆனால் பாடம்? பாடம் இலவசமாகக் கொட்டிக் கிடக்கிறது! ஐ.ஐ.டி.களும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003இல் தொடங்கிய என்.பி.டி.இ.எல்., மத்திய அரசு 2017இல் தொடங்கிய ஸ்வயம், இரண்டிலும் ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் இயற்பியல், வானியற்பியல் பாடங்கள் இருக்கின்றன. பார்ப்பதற்குக் காசு கிடையாது. தேர்வு எழுதிச் சான்றிதழ் வேண்டுமென்றால்தான் கட்டணம். பிரபஞ்சம் வேகமாக விரிந்துகொண்டே போகிறது என்று கண்டுபிடித்ததற்காக 2011இல் நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவர் பிரையன் ஷ்மிட். ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தின் ஆன்லைன் வானியற்பியல் பாடத்தை அவரே சக பேராசிரியரோடு உட்கார்ந்து நடத்தியிருக்கிறார். நோபல் பரிசு வாங்கியவர் பாடம் எடுக்க, ஆலங்குடி பஸ்ஸில் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து கேட்கலாம். இதைவிட என்ன வேண்டும்?

இன்னொன்றும் யோசித்துப் பாருங்கள். வெல்டிங்கை ஆன்லைனில் கற்க முடியாது. பொறி கையில் தெறித்தால்தான் வெல்டிங் வரும். ஆனால் நட்சத்திரத்தை எந்தக் கல்லூரியும் லேபில் கொண்டுவந்து வைக்க முடியாது. விஞ்ஞானிகளே தூரத்திலிருந்துதான் பார்க்கிறார்கள். லடாக்கில் ஹான்லே என்ற இடத்தில், சுமார் 4,500 மீட்டர் உயரத்தில், 2 மீட்டர் தொலைநோக்கி ஒன்று இருக்கிறது. அதை பெங்களூருக்குப் பக்கத்தில் ஹோசகோட்டேயில் உட்கார்ந்துகொண்டு செயற்கைக்கோள் இணைப்பு மூலம் இயக்குகிறார்கள். உலகத்தின் பெரிய தொலைநோக்கிகள் எடுத்த தகவல்களில் ஏராளமானவை சில காலம் கழித்து யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளும்படி திறந்து விடப்படுகின்றன. 2007இல் ‘கேலக்ஸி ஜூ’ என்ற திட்டத்தில் பொழுதுபோக்காகப் படங்களைப் பார்த்து வகைப்படுத்திய ஹன்னி வான் ஆர்கெல் என்ற நெதர்லாந்து பள்ளி ஆசிரியை, அதுவரை யாரும் கவனிக்காத ஒரு பச்சை நிற வாயு மேகத்தைக் கண்டுபிடித்தார். இன்று அதற்கு அவர் பெயர்!

ஆகவே வானியற்பியல் ஆன்லைனுக்கு ஏற்ற பாடம்தான். நானும் என்.பி.டி.இ.எல்.லில் பன்னிரண்டு வாரப் பாடம் ஒன்று சேர்ந்தேன். ‘புதுமைப் பெண்’ திட்டத்தில் மாதாமாதம் வருகிற ஆயிரம் ரூபாயில் ஒரு மாதத்தை அதற்கு ஒதுக்கினேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், மூன்றாவது வாரமே கண்ணைக் கட்டிவிட்டது. வகையீட்டுச் சமன்பாடு வந்து நின்றது. முதலாண்டு கணக்குப் புத்தகத்தைத் தூசி தட்டி எடுத்தேன். ‘இது எதுக்கு சார் படிக்கணும்?’ என்று அப்போது கேட்டோமே, அதே பாடம்! திருச்சி போய்த் தேர்வு எழுதினேன். 54 மார்க். பெருமைப்பட ஒன்றுமில்லை. ஆனால் அந்த 54 என்னுடையது, அதற்காக யாருடைய தோடும் அடகுக்குப் போகவில்லை.

சரி, சோறு போடுமா?

இனி என் தோழியின் கேள்விக்கு வருகிறேன். பொய் சொல்லக்கூடாது. ‘வானியற்பியலாளர்’ என்ற பெயர்ப்பலகையோடு உட்கார வேண்டுமென்றால் முனைவர் பட்டம் வேண்டும். நமக்கு அந்தப் பாதை இப்படி: டிப்ளமோ, அதன்பின் நேரடி இரண்டாமாண்டு சேர்ந்து மூன்று வருஷம் பி.இ., அதன்பின் ஜெஸ்ட் அல்லது கேட் போன்ற தேர்வு, அதன்பின் ஐந்தாறு வருஷம் ஆராய்ச்சி. எம்.எஸ்ஸி. இயற்பியல் படித்தவர்களுக்கு மட்டும்தான் கதவு திறக்கும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. புனேயில் உள்ள வானியல் நிறுவனங்கள் பி.இ. படித்தவர்களையும் விண்ணப்பிக்க விடுகின்றன. ஆனால் இயற்பியல் தேர்வில் ஜெயிக்க வேண்டும். இடங்கள் குறைவு. முடிக்கும்போது முப்பது வயதாகிவிடும். வீட்டில் கடன் இருக்கிறவர்களுக்கு இது லேசான காரியம் அல்ல. பி.இ.யை ஆன்லைனில் முடித்துவிடலாம் என்றும் கனவு காணாதீர்கள். 2020ஆம் ஆண்டு யு.ஜி.சி. விதிமுறைப்படி பொறியியல் பட்டத்தைத் தொலைநிலையிலோ ஆன்லைனிலோ தர முடியாது.

ஆனால் நண்பர்களே, வானியல் என்பது பெயர்ப்பலகைக்காரர்கள் மட்டும் செய்கிற வேலையா?

ஊட்டி பக்கம் முத்தோரையில் ஒரு ரேடியோ தொலைநோக்கி இருக்கிறது. பேராசிரியர் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் நம் நாட்டிலேயே வடிவமைத்து, 1970இல் இயங்கத் தொடங்கியது. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். பூமியின் அச்சுக்கு இணையாக இருக்க வேண்டும் என்பதற்காக, சரியான சரிவுள்ள ஒரு மலைச்சரிவைத் தேடிப் பிடித்துக் கட்டினார்கள். கண்ணாடிக்குப் பதில் 1,100 துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள். இப்போது சொல்லுங்கள். சரிவில் அஸ்திவாரம் போட்டது யார் வேலை? சிவில்! அரை கிலோமீட்டர் நீளச் சட்டத்தை ஒன்றாகத் திருப்புவது? மெக்கானிக்கல்! மோட்டாருக்கு மின்சாரம்? எலக்ட்ரிக்கல்! வானத்திலிருந்து வரும் நூலிழை சிக்னலைப் பெருக்குவது? எங்கள் இ.சி.இ.! வந்ததைச் சேமித்துப் பிரிப்பது? கம்ப்யூட்டர்! நம் கல்லூரியின் துறைகளை வரிசையாக நிறுத்தி வைத்தது போல இல்லையா?

திருப்பத்தூர் மாவட்டம் காவலூரில் 1986இல் திறந்த 2.3 மீட்டர் தொலைநோக்கியும் இந்தியாவிலேயே வடிவமைத்துச் செய்ததுதான். அதன் பெரிய கண்ணாடியைத் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றியது கைத்தொழில் தெரிந்தவர்களின் பொறுமை. ஹான்லேயின் தொலைநோக்கியை விஞ்ஞானி ஹோசகோட்டேயிலிருந்து இயக்கலாம். ஆனால் உறைபனியில் ஒரு கேபிள் கழன்றால் அதை மாட்ட மேலே ஒரு ஆள் இருந்தாக வேண்டும். அந்த ஆள் நம் படிப்புக்காரர்!

வேலைகளும் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில்தான் இருக்கின்றன. இஸ்ரோ மையங்களில் ‘டெக்னிக்கல் அசிஸ்டென்ட்’ பதவிக்குக் கேட்கும் தகுதி முதல் வகுப்பு டிப்ளமோ. நன்றாகக் கவனியுங்கள், டிப்ளமோ! திருநெல்வேலி மாவட்டம் மகேந்திரகிரியில் உள்ள மையமும், திருவனந்தபுரத்தில் உள்ள மையங்களும் டிப்ளமோ படித்தவர்களுக்கு உதவித்தொகையோடு ஒரு வருஷத் தொழிற்பழகுநர் பயிற்சியும் தருகின்றன. தூத்துக்குடி மாவட்டம் குலசேகரப்பட்டினத்தில் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். மகாராஷ்டிராவின் ஹிங்கோலி மாவட்டத்தில் ஈர்ப்பு அலைகளைப் பிடிக்கும் லைகோ-இந்தியா ஆய்வகத்துக்கு 2023இல் மத்திய அமைச்சரவை 2,600 கோடி ரூபாய் ஒப்புதல் அளித்தது. உலக நாடுகள் சேர்ந்து கட்டும் எஸ்.கே.ஏ. ரேடியோ தொலைநோக்கியில் இந்தியா சேர 2024 ஜனவரியில் 1,250 கோடி ஒப்புதலானது. இத்தனை கருவிகளையும் கட்டவும் காக்கவும் கைகள் வேண்டாமா?

சந்திரயான்-3 திட்ட இயக்குநர் வீரமுத்துவேலை எல்லோருக்கும் தெரியும். 2023 ஆகஸ்ட் 23ஆம் தேதி மாலை நாமெல்லாம் டி.வி. முன்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோமே! விழுப்புரத்தில் ஒரு ரயில்வே ஊழியரின் மகன். பத்தாவதுக்குப் பிறகு அவர் போனது எங்கே? பாலிடெக்னிக்! மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து, பி.இ. படித்து, திருச்சி என்.ஐ.டி., சென்னை ஐ.ஐ.டி. என்று ஏறிப் போனவர். அவர் வானியற்பியலாளர் அல்ல, பொறியாளர். ஆனால் நிலாவின் தென்துருவப் பகுதியைத் தொட்ட கலத்துக்குப் பின்னால் ஒரு டிப்ளமோ சர்டிபிகேட் இருந்தது என்பது நமக்குச் சின்ன விஷயமா?

இன்னொரு பக்கமும் உண்டு. ஆன்லைனில் வானியற்பியல் படிக்கும்போது கைவசமாகிற பைத்தான் நிரல், படங்களைப் பிரித்தெடுப்பது, புள்ளியியல், இரைச்சலிலிருந்து சிக்னலைப் பிரிப்பது எல்லாம் வானத்துக்கு மட்டும் சொந்தமல்ல. ஸ்கேன் மெஷின் கம்பெனிக்கும் வேண்டும், செல்போன் கம்பெனிக்கும் வேண்டும், வங்கிக்கும் வேண்டும். நட்சத்திரத்துக்காகப் படித்தது வேறு இடத்தில் சோறு போட்டாலும் சோறு சோறுதானே!

என் கருத்து இதுதான்

இதைப் படிக்கும் முதலாண்டுத் தம்பி தங்கைகளுக்குச் சொல்கிறேன். வானம் பிடித்திருந்தால் வெட்கப்படாதீர்கள். ஆனால் அதற்காக டிப்ளமோவை ‘ஒன்றுக்கும் உதவாத படிப்பு’ என்று நினைத்து, கவர்ச்சியான பெயருள்ள ஏதோ ஒரு ஆன்லைன் காகிதத்துக்குப் பின்னால் ஓடாதீர்கள். பாடத்தை ஆன்லைனில் எடுத்துக்கொள்ளுங்கள். தொழிலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கலாம், படித்துக்கொண்டே மேலே ஏறலாம். ஏணியில் முதல் படி நம் காலடியில்தான் இருக்கிறது.

நம் கல்லூரிக்கும் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன், மாணவர் பேரவை இதை முன்னெடுக்க வேண்டும். ஒன்று, நம் கல்லூரியை என்.பி.டி.இ.எல்.லின் உள்ளூர் மையமாகப் பதிவு செய்ய வேண்டும். இருந்த இடத்திலேயே வழிகாட்ட ஒரு ஆசிரியர் இருந்தால் மூன்றாவது வாரத்தில் கண்ணைக் கட்டாது. இரண்டு, அடுத்த வருஷ இறுதியாண்டு புராஜெக்ட்களில் ஒன்றாவது தொலைநோக்கியாக இருக்கட்டும். கண்ணாடியை வாங்கிக்கொள்ளலாம். குழாயும் தாங்கியும் நம் ஒர்க்ஷாப்பிலேயே செய்யலாம். திருப்பும் மோட்டாரும் சர்க்யூட்டும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். ஐந்து துறையும் சேர்ந்து செய்யும் முதல் புராஜெக்டாக அது இருக்கட்டும். மூன்று, ஆன்லைன் படிப்புக்குப் பணம் கட்டும் முன் கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு ஆசிரியரை நியமித்து, அவர் பெயரை நோட்டீஸ் போர்டில் போட வேண்டும். என்னைக் காப்பாற்றியது ஒரே ஒரு கேள்விதான். அந்தக் கேள்வியைக் கேட்க ஆளில்லாமல் எத்தனை வீட்டில் தோடு போயிருக்கிறதோ!

என் கதை என்னவாகும்? இஸ்ரோ விளம்பரத்துக்குக் காத்திருக்கிறேன். நேரடி இரண்டாமாண்டுக்கும் விண்ணப்பம் போடப் போகிறேன். இரண்டில் எது முதலில் வருகிறதோ அதில் ஏறுவேன். ராத்திரி பதினோரு மணிக்கு இன்னொரு என்.பி.டி.இ.எல். பாடம் ஓடுகிறது, இந்த முறை 60 தாண்ட வேண்டும்.

போன மாதம் ஊருக்குப் போனபோது கரண்ட் போயிற்று. அம்மாவும் நானும் வாசலில் உட்கார்ந்தோம். கார்த்திகைக் கூட்டத்தைக் காட்டி, “அம்மா, அது நம்மகிட்டேருந்து நானூத்துச் சொச்சம் ஒளியாண்டு தூரம். இப்ப நீ பாக்குற வெளிச்சம் நாயக்கர் காலத்துல கெளம்பினது” என்றேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டது: “அவ்வளவு தூரம் நடந்து வந்ததா அந்த வெளிச்சம்? அப்ப நீயும் போயிட்டு வா ஆத்தா, மெதுவா.”

அம்மாவின் காதில் தோடு மினுங்கியது.

நம்மாலும் முடியும், நண்பர்களே!